நூறு ஆகட்டும்

காலை அசைத்தால் மடியில் தூங்குகிற சங்கவி முழித்துக்கொள்வாள், மவுசை அசைத்தால் என்ன ஆகும் என்று தெரியாது, அதனால் இரண்டையும் அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். மணி ரெண்டு பத்து. நாலு மணிக்குப் பெரியத்தான், வீட்டுக்காரருடைய அண்ணன், வண்டி கொண்டுவருவார். வருகிறேன் என்றால் வந்துவிடுகிற ஆள். இருதயம் அண்ணன் கம்ப்யூட்டரை மேசையிலிருந்து இறக்கித் தரையில் பேப்பர் விரித்து வைத்து, பக்கத் தகரத்தைக் கழற்றி, பழைய டிஸ்க்குக்குப் பக்கத்தில் இன்னொரு டிஸ்க்கைச் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். ஏதோ பள்ளிக்கூடத்தில் முப்பது மிஷின் பார்க்கணுமாம். திறந்து கிடக்கிற வயிற்றுக்குள்ளிருந்து டிக், டிக், கொஞ்சம் நின்று மறுபடி டிக். பல்லி மாதிரி. பல்லி என்றால் எந்தத் திசையில் சொல்லுகிறது என்று பார்த்து நல்லதா கெட்டதா சொல்லலாம், இது காலையிலிருந்து ஒரே திசையில் சொல்லுகிறது. இது ரொம்ப நாள் தாங்காது தங்கச்சி, இன்னைக்கே குளோன் போட்ருங்க என்றார். குளோன் என்றால் என்னண்ணே என்று கேட்க வாய் வரவில்லை, அவரே சொன்னார். பைலை மட்டும் எடுத்தா பைல் வரும், அதைத் திறக்கிற சாப்ட்வேர் வராது, உங்க பழைய எழுத்தும் வராது. குளோன்னா உங்க மிஷின் எப்படி இருக்கோ அப்படியே இன்னொண்ணு. வேணுங்கிறது வேண்டாததுன்னு பிரிக்காது, எல்லாத்தையும் அள்ளிட்டு வந்துரும். எனக்குச் சிரிப்பு வந்தது, என்னைக் கட்டிக்கொடுத்து அனுப்பினபோதும் அப்படித்தான், வேண்டியது வேண்டாதது பிரிக்கவில்லை, ஒரு வேனில் அள்ளிப் போட்டு அனுப்பினார்கள். சிரிக்கவில்லை. அண்ணன் ஒரு துண்டுச்சீட்டில் மூன்று சாப்ட்வேர் பேர் எழுதிக் கொடுத்தார். மூணுல எது சரிப்படுதோ அதை இறக்கிக்கோங்க, எல்லாம் ஒண்ணுதான் என்றார். எல்லாம் ஒண்ணுதான் என்றால் எதற்கு மூன்று பேர் எழுதணும்.

இந்தா, என்ன பண்ற, என்று உள்ளறையிலிருந்து குரல். இவர் கட்டிலில் குப்புறக் கிடக்கிறார். விழித்திரை கிழிந்துபோய் மதுரையில் ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி விட்டிருக்கிறார்கள். அந்தக் குமிழி மேலே போய்க் கிழிந்த இடத்தை அமுக்கிப் பிடிக்கணும் என்றால் இவர் கீழே பார்த்தே கிடக்கணும், எட்டு நாள். சாப்பிடுவதும் குனிந்து, பேசுவதும் குனிந்து. தலையணை இரண்டுக்கு நடுவில் சந்து விட்டு மூக்கை வைத்திருக்கிறார், அதனால் குரல் கட்டிலுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. பாக்குறேங்க என்றேன். என்னத்தப் பாக்குற. டவுன்லோடு ஆகுதுங்க. எது. சீட்டுல ரெண்டாவதா இருக்கிறது. முதல்ல இருந்தது என்னாச்சு. அது கடைசியில பூட்டு காட்டுதுங்க. அவர் உம் என்றார். முதலாவது கேடயம் படம் போட்டது. நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று மரியாதையாகக் கூட்டிப்போய், கடைசிப் பொத்தானில் ஒரு பூட்டைக் காட்டிக் கார்டு நம்பர் கேட்டது. பந்தியில் உட்காரவைத்து இலை போட்டுத் தண்ணி தெளித்துவிட்டு, நீங்க யாரு வீட்டு ஆளு என்று கேட்கிற மாதிரி. முக்கால் மணி நேரம் அதில் போய்விட்டது. மூன்றாவதைப் பென்டிரைவில் ஏற்றிக் கம்ப்யூட்டரை அணைத்துத் தொடங்கணும், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வரும், அதுதான் உள்ளதுலயே நல்லது தங்கச்சி, ஆனா பூராம் இங்கிலீஷ் என்றார் அண்ணன். அணைத்தால் இந்த டிக் டிக் மறுபடி கிளம்புமா. கிளம்பாவிட்டால். அதனால் ரெண்டாவது. அதை இறக்குகிற பக்கத்தில் டவுன்லோடு என்று மூன்று பச்சைப் பொத்தான் இருந்தது, போன் போட்டுக் கேட்டேன், பின்னால் பிள்ளைகள் சத்தத்தோடு அண்ணன் சொன்னார், பெருசா மினுமினுன்னு இருக்கும் பாருங்க, அதெல்லாம் விளம்பரம், தொட்ராதீங்க. சின்னதா ஒரு ஓரத்துல வெக்கப்பட்டுக்கிட்டு ஒண்ணு இருக்கும், அதுதான் நெசம். தேடினேன். இருந்தது. எனக்கு அதை நெடுநாள் தெரிந்த மாதிரி இருந்தது. ஆகலைன்னா ஆகாட்டி போகுது, என்கிறார் இவர் தலையணைக்குள், சிடி இருக்குல்ல பீரோ மேல, புது டிஸ்க்குல முதல்ல இருந்து ஏத்திக்கிடுவோம், எதுக்கு இந்தப் பாடு. சரிங்க என்றேன். சிடி பீரோ மேல் இல்லை.

சிடி ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறது. துணிக் கொடியில் புறா வந்து உட்கார்ந்து சங்கவி சட்டையெல்லாம் நாசம் பண்ணுகிறது என்று, பக்கத்து வீட்டில் கட்டியிருப்பதைப் பார்த்து நானும் கட்டினேன். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பீரோ மேலிருந்து நாலைந்து பழைய சிடி விழுந்தது, எல்லாம் கல்யாண வீடியோ சிடி என்று நினைத்தேன், அதில் ஒன்றில் மட்டும் பேனாவால் என்னமோ எழுதியிருந்தது, அதைப் படித்துப் பார்த்திருக்கலாம், ஓட்டையில் நூலைக் கோத்துவிட்டேன். பக்கம் கட்டுகிற அந்தப் பழைய சாப்ட்வேரும், அதோடு வந்த தமிழ் எழுத்தும் அதில்தான் இருந்திருக்கிறது. இப்போது அதை யாரும் விற்பதில்லையாம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, இந்தப் பத்து வருஷத்தில் நாங்கள் அடித்த எல்லாம் அந்த எழுத்து இல்லாவிட்டால் திறக்காது, திறந்தாலும் கட்டம் கட்டமாக வரும். போன வாரம் இவர் மதுரையில் இருந்தபோது சிடியை அவிழ்த்துக் கழுவித் துடைத்து உள்ளே போட்டுப் பார்த்தேன். சுற்றியது, சுற்றியது, துப்பிவிட்டது. ஆறு மாத வெயில். மறுபடி கொண்டுபோய்க் கட்டிவிட்டேன், ஏன் கட்டினேன் என்று தெரியவில்லை, அங்கே இல்லாவிட்டால் இடம் காலியாக இருந்து காட்டிக்கொடுக்கும் என்று நினைத்திருப்பேன். இப்போது காற்றுக்கு அது திரும்பும்போதெல்லாம் வெயிலை வாங்கி உள்ளே எறிகிறது, சுவரில் ஒரு வெளிச்சத் துண்டு ஓடுகிறது, என் கழுத்தில் ஓடி, சங்கவி நெற்றியில் ஓடி, உள்ளறைக்குள் போய் மறைகிறது. எட்டு நாள் கழித்து இவர் நிமிர்ந்து முதலில் எதைப் பார்ப்பார்.

பெரியத்தான் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் லேசாக இருக்கும். நேற்று போனில் சொன்னார், எலே குருசாமி, மிஷின் ஓடுச்சுன்னா இருங்க, இல்லைன்னா நாலு மணிக்கு டாட்டா ஏஸ் கொண்டாரேன், பொட்டி படுக்கையை ஏத்துங்க, அங்க வந்து குப்புறப் படுத்துக்கோ, உன்னையும் பிள்ளையையும் நாங்க பாக்க மாட்டமா, சூளையில உனக்கு ஒரு வேலையா இல்லை. இவர் சரிண்ணே என்றார். இவருக்கு அங்கே போனால் அண்ணன் வீடு. நான் அங்கே ரெண்டு வருஷம் இருந்தேன், உட்கார்ந்ததாக ஞாபகமே இல்லை. அவர் உள்ளே வந்தால் எழுந்திருக்கணும், அவர் வாசலில் நின்றால் கதவுக்குப் பின்னால் நிற்கணும், அவர் ஒரு நாளைக்கு இருபது தடவை உள்ளே வருவார். யாரும் எழுந்திரு என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஏன் என்றாவது மனசுக்குள் கேட்டிருக்கலாம். சூளைக்காரர்களுக்கும் சேர்த்துப் பதினாலு பேருக்குச் சோறு, நின்றுகொண்டே சாப்பாடு, வயிற்றில் சங்கவிக்கு முன்னால் ஒன்று இருந்தது, அது நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் இவர் கடை போட்டிருந்த அருப்புக்கோட்டைக்கு நானும் வந்தேன், இந்த முன்னறையும் உள்ளறையும். இங்கே வந்த மறுநாள் இவர் வெளியே போயிருந்தபோது அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தேன். இவர் கண்ணில் பூச்சி பறக்கிறது, நூல் பறக்கிறது என்று சொல்ல ஆரம்பித்த பிறகு அந்த நாற்காலி எனக்கே ஆகிவிட்டது, பக்கத்தில் நின்று கட்டை சொல்லிக்கொடுத்தார், எஃப் அடிச்சா க, கே அடிச்சா ம, ஜே அடிச்சா த, பாக்காத, விரலுக்குத் தெரியணும். ஏழாவது வரைதான் படித்தேன், பிறகு தீப்பெட்டி ஒட்டப் போய்விட்டேன், விரல் எப்போதும் எனக்கு வேகம். ஏழாவதிலும் என்ன படித்தேன். வருகைப் பதிவில் தவமணி என்று கூப்பிட்டால் உள்ளேன் ஐயா சொல்ல வெட்கம், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று வாய் அசைத்துவிட்டுச் சும்மா இருப்பேன், ஆப்சென்ட் போட்டுவிடுவார், இருந்துகொண்டே பாதி வருஷம் நான் வரவில்லை. இப்போது அப்படி முழுப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை. அம்மா வீட்டில் மணி. இங்கே இந்தா, ஏய், சங்கவி அம்மா. இருதயம் அண்ணனுக்குத் தங்கச்சி. பேர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள், பெண்டாட்டிக்கு என்ன குறையும் என்று யாரும் சொல்லவில்லை.

ரெண்டாவது சாப்ட்வேர் திறந்துவிட்டது. நீலத்தில் இரண்டு தட்டு ஒட்டிக்கொண்டிருக்கிற படம். இடது பக்கம் இருக்கிறது, வலது பக்கம் போகிறது, இது மட்டும் ஒரு தம்பி வீடியோவில் தெளிவாகச் சொன்னான், நண்பர்களே இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, மாத்திப் போட்டீங்கன்னா காலி டிஸ்க் போய் உங்க டிஸ்க் மேல உக்காந்துரும், பிறகு அழுதாலும் வராது. அதற்குக் கீழே அழுதவர்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள். ஒருத்தர் தன் அப்பா குரல் போச்சு என்று எழுதியிருந்தார், அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. அதைப் படித்திருக்கக் கூடாது. பழசு மேல வரும், புதுசு கீழ வரும், கவலைப்படாதீங்க என்று இருதயம் அண்ணன் சொல்லிவிட்டுத்தான் போனார், கேடயத்தில் அப்படித்தான் வந்தது. இதில் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆனால் கேடயத்தில் மேலே இருந்ததில் இரண்டு கட்டம், கீழே இருந்ததில் மூன்று கட்டம். இதில் மேலே மூன்று, கீழே இரண்டு. அப்படியென்றால் மாறி வந்திருக்கிறது. இல்லை, கேடயத்தில் மேலே மூன்றா. முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் பார்த்ததைக் கண் மாற்றிச் சொல்லுகிறது. இரண்டும் ஒரே கம்பெனி, இரண்டும் ஒரே ஐநூறு ஜிபி. ஒரே அளவா இருந்தா நல்லது என்று யாரிடமோ பழசாகக் கிடந்ததைத்தான் அண்ணன் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார், அதில் யாருடையதோ பாதிக்கு மேல் நிரம்பியிருக்கிறது, காலியாக இருந்தால் காலியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மறுபடி போட்டேன், மறுபடி அந்தப் பெண் அதையே சொன்னாள். அவளுக்கு என்ன, யாரோ ஒரு தடவை சொன்னதைக் குளோன் போட்டு வைத்திருக்கிறார்கள். டிக். மணி ரெண்டே முக்கால். கால் மரத்து, எறும்பு ஊர்ந்து, இப்போது எறும்பும் இல்லை. சங்கவிக்கு வாய் திறந்திருக்கிறது, கடைவாய்ப் பல் முளைக்கிற வலியில் ராத்திரி பூராம் தூங்காமல் இப்போதுதான் தூங்குகிறாள். மேலே கிளிக் பண்ணவா கீழே கிளிக் பண்ணவா. எது நான், எது இன்னொருத்தர். மாறிப்போனால் நாலு மணிக்கு வண்டி வரும், நான் எழுந்திருப்பேன், பிறகு உட்கார மாட்டேன்.

என்ன சத்தத்தையே காணோம், என்கிறார். எது பழசுன்னு தெரியலைங்க. ரெண்டும் ஒண்ணு போல இருக்கு. அண்ணன் சொன்னதுக்கு மாறி வருதோன்னு. மாறியா வருது, மாறி எப்படி வரும், அந்தக் கழுதை பாதியில விட்டுட்டுப் போயிருக்கான் பாரு. பிறகு, கீழ ஏதாச்சும் பொடி எழுத்துல போட்டிருக்கா பாரு, பேரு மாதிரி. திரைக்குக் குனிந்தேன், இவரைப் போலவே. கேடயம் வெறும் நம்பர்தான் காட்டியது, இதில் கட்டத்துக்குள்ளே எறும்பு மாதிரி எழுத்து இருந்தது. மேலே ஏதோ நீளமாக, சேர்த்துப் படிக்க வரவில்லை, எனக்கு இங்கிலீஷில் ஒற்றை எழுத்துக்குத்தான் பேர் தெரியும். கீழே ஐந்தே எழுத்து. படிக்க வரவில்லை, ஆனால் விரல் குறுகுறுத்தது. எங்கள் கடையில் இது வழக்கம், பைலுக்கு, டிஸ்க்குக்குப் பேர் வைக்கும்போதும் விரல் தமிழ்க் கட்டையிலேயே அடித்துவிடும், அந்த எழுத்து இல்லாத இடத்தில் கம்ப்யூட்டர் அதை இங்கிலீஷ் எழுத்தாகக் காட்டும். எங்கள் பைலெல்லாம் அப்படித்தான், மற்றவர்களுக்கு உளறல். போன வருஷம் ஒரு மெக்கானிக் வைரஸ் என்று நினைத்து ஒரு போல்டரையே அழித்துவிட்டுப் போனான், அது மூன்று கல்யாணம். சொல்லு, என்ன போட்டிருக்கு, என்கிறார் இவர். நான் மரத்த காலின் மேல், சங்கவியின் வயிற்றுக்குப் பக்கத்தில், வெறும் தரையில் விரலை வைத்து அடித்துப் பார்த்தேன். முதல் எழுத்து ஜே. ஜே அடித்தால் த. அடுத்தது டி, டி அடித்தால் வ. கே, ம. நாலாவது இசட், அது இடது கை சுண்டு விரல், அதிகம் வராத ண. அங்கே விரல் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து அடித்தேன், தப்பாக அடித்திருப்பேன் என்று. தப்பில்லை.

ஏய், எழுத்தச் சொல்லுன்னேன். ஜே, என்றேன். உம். டி. உம் வரவில்லை. கே. இசட். பி. தலையணைக்குள் மூச்சு கேட்டது, அல்லது அது பேன் சத்தமா. இந்தப் பொட்டி எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த மாதம் வாங்கியது, ஊரில் அந்த வீட்டில் நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த காலத்தில், இவர் இங்கே தனியாக உட்கார்ந்து என் பேருக்கு ஐந்து கட்டை அமுக்கியிருக்கிறார். அதிலிருந்து யாரும் கூப்பிடாமல் அது உள்ளேயே இருந்திருக்கிறது, நான் தினம் திறந்து மூடுகிற இதற்குள்ளேயே. சந்தோஷமா என்று கேட்டால் தெரியவில்லை. வெளியே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அதுதான் பழசு, என்றார் இவர், கட்டிலுக்கு அடியிலிருந்து. அதை இடது பக்கம் போட்டு அமுக்கு. கீழே இருந்ததை இடதில் போட்டேன். எச்சரிக்கை வந்தது, சிவப்பில், டெலீட் கட்டையில் இருக்கிற அதே சொல் நடுவில் இருந்தது. இவர் பேசினார், காலையில இருந்து தரையில ஒரு வெளிச்சம் வந்து வந்து போகுது. எனக்குத் தெரியுறது இந்த ஒரு முழத் தரைதான். அந்தச் சிடியத்தானே புறாவுக்குக் கட்டிருக்க. ஆமாங்க. ஓடுமா அது. ஓடாதுங்க, போட்டுப் பாத்தேன். திட்டுவார் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன், எட்டு நாளைக்கு எழுந்திருக்க மாட்டார் என்பதைத் தோள் மறந்துவிட்டது. அப்ப இது ஒண்ணுதான், என்றார். பாத்து அமுக்கு.

அமுக்கினேன். சுழியம், ஒன்று. ஒன்றிலேயே ரொம்ப நேரம் நின்றது. ஒரு மணி பதினைந்து நிமிஷம் என்று காட்டியது, பிறகு மூன்று மணி நேரம் என்றது, பிறகு மனசு மாறி ஐம்பது நிமிஷம். டிக் வரும்போதெல்லாம் எண் நிற்கிறது, நானும் மூச்சை நிறுத்துகிறேன், எண் நகர்ந்த பிறகு விடுகிறேன். பதினேழு. கரண்டு போனால். யுபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும், பேட்டரி போன வருஷத்தது, எட்டு தாங்கும். முப்பத்தொன்று. நூறு ஆனதும் இரண்டும் ஒன்றாகிவிடும், இரண்டிலும் அதே பேர் இருக்கும், ஒன்றைக் கழற்றிப் பீரோ மேல் வைக்கணும். எந்தத் தவமணி பீரோ மேல் இருப்பாள், எவள் ஓடிக்கொண்டிருப்பாள். ஐம்பத்தெட்டில் எட்டு டிக் தொடர்ந்து வந்தது. பல்லிக்குச் சொல்லுகிற மாதிரி கிருஷ்ணா கிருஷ்ணா என்று தரையை மூன்று தடவை தட்டினேன், சங்கவி சிணுங்கினாள், தொடையைத் தட்டித் தூங்கவைத்தேன், என் தொடைக்கு அது தெரியவில்லை. எம்புட்டு, என்றார் இவர். அறுபத்தி நாலுங்க. கொஞ்ச நேரம் கழித்து, எம்புட்டு. எழுபதுங்க. சுவரில் வெளிச்சத் துண்டு மங்கிவிட்டது, வெயில் ஜன்னலைத் தாண்டிப் போய்விட்டது. எண்பத்தி மூன்றில் தெருவில் டாட்டா ஏஸ் ரிவர்ஸ் எடுக்கிற பாட்டுச் சத்தம். மணி நாலுக்கு ரெண்டு நிமிஷம். இரும்புக் கேட்டு. செருப்பு, ஒன்று, இரண்டு, கழற்றுகிற சத்தம். பெரியத்தான் நிலையில் குனிந்து உள்ளே வந்தார், வேட்டியில் செங்கல் தூசி, கையில் சங்கவிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்.

எழுந்திருக்கணும். இத்தனை வருஷத்தில் அவர் தலை தெரிந்து நான் உட்கார்ந்திருந்ததில்லை, உடம்பு தானாகவே இடுப்புக்கு மேலே எழுந்துவிட்டது, கை தரையில் ஊன்றிவிட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் வரவில்லை. என்னத்தா, தரையில பரப்பிப் போட்டிருக்க, என்றார், குருசாமி எப்படிக் கெடக்கான். ஓடுதுண்ணே, என்று உள்ளே இருந்து இவர் சொன்னார். எங்கலே ஓடுது, டொக்கு டொக்குனு சத்தமில்ல கேக்குது, இதெல்லாம் ஒரு ஓட்டமா. அணைச்சிட்டு ஏத்துவோம், வெளிச்சத்துலயே போயிரலாம், அந்த சுச்சு எங்க, இதுவா. குனிந்தார். அவர் கை யுபிஎஸ் பக்கம் போகிறது. எண்பத்தி ஆறு. ஊன்றின கையை எடுத்தேன், சங்கவி முதுகில் வைத்தேன், மறு கை மவுசில்தான் இருந்தது. கால் வந்திருந்தால் எழுந்திருப்பேனா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. தொடாதீங்கத்தான், என்றேன். ஏழாவதில் வராத குரல் அது, எனக்கே புதுசாக இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார், என் முகத்தை முதல் தடவை பார்க்கிறவர் போல. உள்ளறையில் தலையணை அசைகிற சத்தம் கேட்டது. நூறு ஆகட்டும், என்றேன், உட்காருங்க. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு உட்கார்ந்தார். எண்பத்தி ஏழு.